ரேந்தைக் காசும் நான் படித்த பள்ளியும்

நாகர்கோவில் டதி பெண்கள் பள்ளி, லண்டன் மிஷன்காரர்கள் 1819-ல் தொடங்கியது. பெண்பிள்ளை படிச்சு என்ன செய்யப்போறான்னு கேட்ட காலம் அது. அங்கே மார்த்தா மால்ட் அம்மையார் எழுத்தோடு ரேந்தை, அதாவது லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே, அடிமையாய்ப் பிறந்த சில பெண்கள் ரேந்தைக் கூலியைச் சேர்த்து, எசமானுக்குப் பணம் கட்டித் தங்களையே மீட்டுக்கொண்டார்கள். பாஸ்புக் கிடையாது, வங்கிக் கடன் கிடையாது! குழுவில் சேமிப்பு, சேமிப்பு என்கிறோமே, அதில் நமக்கு மூத்தவர்கள் இவர்கள்தான் என்று நான் சொல்வேன்.

பத்தாவது முடித்து இருபது வருஷம் கழித்து, மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க அங்கே போனேன். நான் படித்த வகுப்பு வாசலில் நின்று இதை அவளுக்குச் சொன்னேன். “ஒரு ஆளை மீட்க எத்தனை முழம் பின்னணும்மா?” என்று கேட்டாள்.