வேலிக்கு வந்த மரம்

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகிற நாற்கரச் சாலையில் பகல் நேரத்தில் பயணம் செய்தால் தயவுசெய்து தூங்கிவிடாதீர்கள். காரியாபட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் பாருங்கள். பச்சைப் பசேல் என்றிருக்கும். அருப்புக்கோட்டையில் இறங்கி, கிழக்கே திருச்சுழிக்கு பஸ் பிடித்தால் இன்னும் பச்சை. வானம் பார்த்த பூமி, கந்தக பூமி என்றெல்லாம் சொன்னார்களே, யார் விட்ட புருடா இது என்று தோன்றும்.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் விளங்கிவிடும். அத்தனையும் ஒரே மரம். வேலிக்கருவை.

செங்கல்பட்டுப் பக்கம் வேலிக்காத்தான் என்பார்கள். அரசாங்கக் காகிதத்தில் சீமைக் கருவேலம். தாவரவியல் புத்தகத்தில் நெடுங்காலம் 'புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா' என்று இருந்தது. 2022-இல் அதையும் 'நெல்டுமா ஜூலிஃப்ளோரா' என்று மாற்றிவிட்டார்கள். பெயரை மாற்றினார்களே தவிர, ஒரு முள்ளைக்கூட அசைக்க முடியவில்லை.

இந்த மரத்தை இங்கே கொண்டுவந்தது யார்? இந்த வட்டாரத்து டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். பத்தில் ஐந்து பேர் 'காமராஜர்' என்பார்கள். விறகுக்குக் கஷ்டப்படுகிற ஜனங்களுக்காக அவர் விதை தூவினார் என்பது ஒரு கட்சி. அமெரிக்காக்காரன் நம் நிலத்தடி நீரை உறிஞ்சுவதற்காக அனுப்பிய சதி என்பது இன்னொரு கட்சி. ஹெலிகாப்டரில் வந்து தூவினார்கள் என்று சூடம் அடிக்காத குறையாகச் சொல்கிறவர்களும் உண்டு.

உண்மை அதைவிட சுவாரசியம். காமராஜர் பிறந்தது 1903-இல். இந்த மரம் சென்னை மாகாணத்துக்குள் கால் வைத்தது 1877-இல். அதாவது, அவர் பிறப்பதற்கு 26 வருஷம் முன்னால்.

அழைத்து வந்தவர் ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. ரிச்சர்ட் ஹென்றி பெடோம். ராணுவத்தில் சேர்ந்து வனத்துறைக்கு மாறியவர். தென்னிந்தியாவின் மரங்கள், பெரணிகள், பல்லிகள், பாம்புகள் என்று ஒன்று விடாமல் பட்டியல் போட்டவர். அவர் 1876-இல் மாகாண வருவாய்த் துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். வறண்ட நிலத்தில் வளர்ப்பதற்கு ஏற்ற மரம் ஒன்று இருக்கிறது, விதை தருவித்துக் கொடுங்கள். அவ்வளவுதான் விஷயம். விதை வந்தது. மறு வருஷம் கடப்பா ஜில்லாவில் கமலாபுரத்தில் ஊன்றினார்கள்.

அந்த வருஷங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1876 முதல் 1878 வரை. தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடிய காலம். லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். ரயில் என்ஜினுக்கே விறகு போட்டு எரித்த காலமும் அதுதான். காடு குறைகிறது, மழை இல்லை, எரிக்க விறகு இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில், 'தண்ணீர் ஊற்ற வேண்டாம், தானே வளரும், ஆடு மாடு இலையைக் கடிக்காது' என்று ஒரு மரம் கிடைத்தால் எந்த அதிகாரிதான் வேண்டாம் என்பார்?

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-ஆம் தேதி வக்கீல் சுந்தரம் ஐயர் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தான். வேங்கடராமன் என்று பெயர். பிற்பாடு ரமண மகரிஷி. அந்தப் பிள்ளை குண்டாற்றங்கரையில் விளையாடிய நாட்களில், இன்று அந்த ஊரைச் சுற்றி வளைத்திருக்கிற மரம் எங்கோ கடப்பாவில் கன்றாக நின்றுகொண்டிருந்தது. இங்கே அன்று இருந்தது நாட்டுக் கருவேலம். ஏருக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் அதுதான் மரம். காய் ஆட்டுக்குத் தீனி, பிசின் மருந்துக்கு.

வேலிக்கருவை உடனே வந்து குதித்துவிடவில்லை. ராஜஸ்தானில் ஜோத்பூர் மன்னர் 1940-இல் இதற்கு 'ராஜ மரம்' என்று பட்டமே கொடுத்தார். வெட்டக்கூடாது, காப்பாற்ற வேண்டும். குஜராத்தில் கட்ச் பகுதியின் பன்னி புல்வெளியில் 1960-களின் தொடக்கத்தில் வனத்துறையே நட்டது. தமிழ்நாட்டிலும் ஐம்பது அறுபதுகளில் வறண்ட மாவட்டங்களில் பரப்பினார்கள். காமராஜர் கதை பிறந்தது இந்த இடத்தில்தான். அவர் முதலமைச்சராக இருந்த காலம் 1954 முதல் 1963 வரை. காலம் பொருந்துகிறது. ஆனால் மரத்தைக் கண்டுபிடித்தவரும் அவரில்லை, கொண்டு வந்தவரும் அவரில்லை.

அரசாங்கம் செய்தது கொஞ்சம். மிச்சத்தை ஆடு செய்தது.

வேலிக்கருவை இலையை ஆடு சீந்தாது. ஆனால் நெற்று இருக்கிறதே, அது தித்திப்பு. ஆடும் மாடும் பொறுக்கிப் பொறுக்கித் தின்னும். உள்ளே இருக்கும் விதை கல் மாதிரி. வயிற்றுக்குள் போய்ச் சீரணமாகாமல், மேல்தோல் மட்டும் இளகி, முளைப்பதற்குத் தயாராக வெளியே வரும், உரத்தோடு சேர்த்து. இந்த வட்டாரத்தில் காட்டுக்கு எருவாக ஆட்டுக் கிடை அமர்த்துவது வழக்கம். நூற்றுக்கணக்கான ஆடுகள் ராத்திரி முழுக்க ஒரே நிலத்தில் படுத்து எழுந்தால் என்ன ஆகும்? எருவும் விழும், விதையும் விழும்.

உழுகிற நிலமென்றால் முளைத்ததை உழவு தீர்த்துவிடும். உழவு நின்ற நிலத்தில்? வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். பருத்தி, கம்பு, சோளம், மிளகாய், குதிரைவாலி என்று போட்டு, இரண்டு வருஷம் தொடர்ந்து மழை ஏமாற்றினால் சம்சாரி என்ன செய்வார்? அருப்புக்கோட்டை மில்லுக்கும் தறிக்கும் போவார். சிவகாசிக்குப் போவார். பிள்ளைகளைத் திருப்பூருக்கு அனுப்புவார். நிலம் தரிசாகும். காலியான வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் குடியேறலாம் அல்லவா?

வெளிநாட்டு முள் ஒன்று நம்மை வளைப்பது இது முதல் தடவையும் அல்ல. சப்பாத்திக்கள்ளியை நினைத்துப் பாருங்கள். அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான். கள்ளியில் வளரும் ஒரு பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்ற ஆசையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கள்ளியை வளர்த்தார்கள். சென்னை சைதாப்பேட்டையில் இதற்காக ஒரு தோட்டமே இருந்தது. 1795-இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி வந்து சேர்ந்தது. வந்தது தப்பான பூச்சி. நல்ல சாயம் கிடைக்கவில்லை. ஆனால் அது ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. இன்னொரு வகைக் கள்ளி தப்பிப் பிழைத்து ஊர் ஊராகப் பரவியது. 1920-களில் இலங்கை வழியாக வேறொரு பூச்சியைத் தருவித்து விட்டார்கள். சில வருஷங்களில் அந்தக் கள்ளிக்காடு காய்ந்து சரிந்தது.

அப்படியானால் வேலிக்கருவைக்கும் ஒரு பூச்சியை விட்டால் தீர்ந்தது என்கிறீர்களா? இங்கேதான் விவகாரம். கள்ளி போனபோது அழுதவர்கள் அதிகமில்லை. வேலிக்கருவை போனால் அழுவதற்கு ஆட்கள் உண்டு.

திருச்சுழி, நரிக்குடி பக்கம் அதிகாலையில் போனால் வயல்வெளி நடுவே புகை எழும்பும். கரி மூட்டம். வெட்டிய கட்டைகளை வட்டமாக நெருக்கி அடுக்குகிறார்கள். பெரிய கட்டை உள்ளே, சிறியது வெளியே. மேலே இலைதழை, வைக்கோல். அதற்கு மேல் மண் பூச்சு. தீ வைத்து, காற்றுக்கு அங்கங்கே துவாரம் விடுகிறார்கள். விறகு எரிந்தால் சாம்பல். எரியாமல் வெந்தால்தான் கரி. காற்று ஒரு பிடி கூடினாலும் முதல் போச்சு. அதனால் நாள் கணக்கில், ராத்திரியும் விழித்திருந்து, எந்தப் பக்கம் மண் விரிகிறது என்று பார்த்துப் பார்த்து அடைக்க வேண்டும். முதலில் அடர்த்தியாக வெள்ளைப் புகை. அது மெலிந்து நீலமாக மாறினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். துவாரங்களை மூடி, ஆறவிட்டு, பிரித்து, தூர்க்கரி தனி, கட்டைக்கரி தனி என்று தரம் பிரித்துச் சாக்கில் கட்டினால், அடுத்து லாரி.

நாலைந்து டன் விறகு போட்டால் ஒரு டன் கரி கிடைக்கும். சென்னையில் உங்கள் சட்டையைத் தேய்க்கிறவரின் இஸ்திரிப் பெட்டியிலும், ஓட்டல் தந்தூரி அடுப்பிலும் கனல்கிற கரி இந்தக் கரிசல் காட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

நான் காமர்ஸ் படித்தவன். எதையும் ஐந்தொகை போட்டுப் பார்க்கிற புத்தி. வேலிக்கருவைக்கும் போட்டுப் பார்ப்போமே.

வரவு: விதைச் செலவு இல்லை, உரம் இல்லை, மருந்து இல்லை, கடன் இல்லை. வெட்டினால் மூன்று நான்கு வருஷத்தில் மறுபடி வெட்டுக்கு வந்துவிடும். நிலத்துக்காரர் மரத்தை மொத்தமாகப் பேசி வியாபாரியிடம் விடுகிறார். வெட்டுகிற கூலி நிலமில்லாதவருக்கு. பருத்தி பொய்த்த வருஷத்திலும் வேலிக்கருவை பொய்ப்பதில்லை. ஊரில் யாரும் இதை இன்ஷூரன்ஸ் என்று சொல்வதில்லை. ஆனால் அதுதான் இது. விறகு தேடி நடந்த பெண்களுக்குப் பல வருஷங்களாக அடுப்பெரித்ததும் இந்த முள்தான்.

பற்று: கண்மாய். குண்டாற்றுப் படுகையில் ஒன்றிலிருந்து ஒன்று நிறைகிற மாதிரி கோத்துக் கட்டியிருக்கிற கண்மாய்கள் எத்தனை! வரத்துக்காலில் வேலிக்கருவை முளைத்தால் மழைத் தண்ணீர் கண்மாய்க்கு வந்து சேராது. உள்வாயில் அடர்ந்தால் வண்டல் அள்ள முடியாது. கரையில் வேர் விட்டால் கரைக்கு ஆபத்து. அதன் நிழலில் வேறு செடி தலையெடுப்பது கஷ்டம். மேய்ச்சல் புல் போச்சு. நாட்டுக் கருவேலத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒருமுறை விட்ட நிலத்தை மறுபடி உழவுக்குக் கொண்டுவர, தூர் தோண்டும் செலவுக்கே நகையை அடகு வைக்க வேண்டியிருக்கும்.

வேர் எவ்வளவு ஆழம் போகும் தெரியுமா? இதன் அமெரிக்க உறவுக்கார மரம் ஒன்றின் வேரை அரிசோனா மாநிலத்தில் சுரங்கம் தோண்டியபோது 53 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது, பிராணவாயுவைக் கெடுக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் கட்டுக்கதை. நிஜக் குற்றப்பத்திரிகையே போதுமானது.

2017 ஜனவரியில், வைகோ தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. தென் மாவட்டங்களில் கண்மாய் கண்மாயாக ஜே.சி.பி. இறங்கியது. நீதிபதிகளே நேரில் வந்து பார்த்தார்கள். குடிமராமத்துத் திட்டத்தை அரசு தூசு தட்டி எடுத்ததும் அதே வருஷம்தான். அப்புறம் இன்னொரு வழக்கு. விஞ்ஞான ஆய்வு இல்லாமல் ஒட்டுமொத்தமாக வெட்டலாமா என்ற கேள்வி. அதே ஏப்ரலில் இடைக்காலத் தடை. 2022-இல் அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தமிழக அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. இதற்கிடையே, 2017-இல் தூரோடு எடுக்காமல் மேலோடு வெட்டிய இடங்களில் மரம் முன்னைவிடக் கொத்தாகத் துளிர்த்தது. அதற்கு எந்தக் கோர்ட்டும் பொருட்டல்ல.

மற்ற தேசத்தில் என்ன செய்தார்கள்? கென்யாவில் பாரிங்கோ ஏரிப் பக்கம் 1980-களில் நட்டார்கள். நெற்றுத் தின்ற ஆடுகளுக்குப் பல் கொட்டிப் போயிற்று. 2006-இல் அந்த மேய்ப்பர்கள் அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். சாட்சியாக, பல் போன ஓர் ஆட்டையே கோர்ட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள்! தென்னாப்பிரிக்கா வேறு வழி யோசித்தது. அங்கே விவசாயிகளுக்கு நெற்று வேண்டும், மரம் பரவக் கூடாது. ஆகவே 1980-களில் மரத்தை விட்டுவிட்டு விதையை மட்டும் தின்கிற வண்டுகளாகப் பார்த்துக் கொண்டுவந்து விட்டார்கள். பரவல் நின்றுவிடவில்லை. ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்டார்கள். இந்த மரத்தால் பிழைக்கிறவன் யார், சாகிறவன் யார்?

நம் ஊரிலும் கேட்க வேண்டியது அதைத்தான். கண்மாயும் வரத்துக்காலும் பொதுச் சொத்து. அங்கே இந்த மரத்துக்கு ஒரு நாள்கூட இடம் தரக்கூடாது. மேலாக வெட்டிக் கணக்குக் காட்டக் கூடாது, தூரோடு எடுத்து, முளைப்பதை வருஷா வருஷம் பிடுங்க வேண்டும். தரிசுப் பட்டாவில் நிற்பது வேறு சங்கதி. கண்மாய் பெருகி, மடை திறந்து, போட்ட விதைக்கு விலை கிடைக்குமென்றால் எந்தச் சம்சாரியும் தன் நிலத்தில் முள்ளை வளர்க்க மாட்டார். அந்த உத்தரவாதம் இல்லாமல் வெட்டு என்று சொன்னால், வெட்டுவார். கரி போட்டு விற்பார். நாலு வருஷம் கழித்து மறுபடி வெட்டுவார்.

இப்போதைக்கு அந்தக் காட்டில் கடன் வாங்காமல் விளைகிற பயிர் அது ஒன்றுதான்.