எண் 11 சொல்லும் வரலாறு

அமர் சித்திரக் கதை நூல்வரிசையின் தோற்றக் கதை பலரும் அறிந்ததே. 1967இல் தில்லியில் ஒளிபரப்பான தொலைக்காட்சி வினாடி வினாவில், கிரேக்கத் தெய்வங்களை அறிந்திருந்த மாணவர்களால் இராமனின் தாயார் பெயரைக் கூற இயலவில்லை. அதுகண்டு அனந்த் பை இவ்வரிசையைத் தொடங்கினார் என்பர். கர்நாடகத்தின் கார்க்களத்தில் பிறந்த அவர், முகமூடி வீரன் ஃபேண்டத்தின் கதைகளை வெளியிட்ட இந்திரஜால் காமிக்ஸில் முன்னர்ப் பணியாற்றியவர்.

ஆனால், ஆங்கில வரிசையின் முதல் நூலான ‘கிருஷ்ணா’ 11ஆம் எண்ணைத் தாங்கியது ஏன்? இந்தியா புக் ஹவுஸின் பெங்களூரு கிளையில் பணியாற்றிய ஜி. கே. அனந்தராமின் முயற்சியால், 1965இலேயே இவ்வரிசை கன்னடத்தில் தொடங்கிவிட்டது. முதல் பத்து எண்களும் சிண்ட்ரெல்லா, பினோக்கியோ போன்ற மேலைக் கதைகளுக்குரியவை. பின்னர் அப்பாதை கைவிடப்பட்டது. எண் மட்டும் எஞ்சியது. பிந்தைய மறுபதிப்புகளில் ‘கிருஷ்ணா’ 501 ஆனபோது அத்தடயமும் மறைந்தது.

தேசியப் பண்பாட்டுத் திட்டமாக நாம் ஆராயும் ஒன்று, கன்னடச் சிறுவர்களுக்கான மேலைக் கதைகளில் தொடங்கியிருக்கிறது. மைசூரு வீட்டுப் பரண்களில் அப்பிரதிகள் அகப்பட்டால், பழைய தாளென்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அவை ஆவணங்கள்.