கோட்டைக்கு ஆன செலவு

மன்னார்ப் பாலத்தைக் கடந்து தீவினுள் நுழைபவர் கண்ணில் முதலில் படுவது கோட்டைதான். வரலாறு கற்பிக்கும் எனக்கு அது ஒரு பாடப்புத்தகம்.

வல்லரசுகளின் ஏவுகணைக் கவசம் பற்றிப் பத்திரிகையில் வாசித்த மாணவன் ஒருவன், "சேர், இதுக்கு இவ்வளவு காசு கொட்டத்தான் வேணுமா?" என்று கேட்டான். 1983 இல் அமெரிக்க ஜனாதிபதி ரேகன் அத்திட்டத்தை அறிவித்த நாள் முதல் நடக்கும் வழக்கு அது. அணுகுண்டு வந்துவிடும் என்பது ஒரு கட்சி. கஜானா கரைந்துவிடும் என்பது மறு கட்சி. நான் அவனுக்கு எங்கள் கோட்டையின் கதையைச் சொன்னேன்.

1560 இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். 1658 இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. அதன்பின் அவர்களுக்குள்ளேயே இதே வழக்கு மூண்டது. இலங்கையின் தேசாதிபதி வான் கூன்ஸ், அந்நியக் கப்பல்கள் வருமுன் கரையோரக் கோட்டைகளைப் பலப்படுத்த வேண்டும் என்றார். பத்தாவியாவில் அவருக்கு மேலதிகாரியாயிருந்த மாட்சுய்கர் செலவைக் குறைக்கச் சொன்னார். அவரும் முன்னர் இலங்கையில் தேசாதிபதியாயிருந்தவரே. கறுவா தரும் இலாபத்தைக் கோட்டைகளே தின்றால் கம்பனி எதற்கு என்பது அவர் கணக்கு.

1672 இல் பிரெஞ்சுக் கடற்படை திருகோணமலைக்கு வந்தது. வான் கூன்ஸின் அச்சம் வீணல்ல என்று தெரிந்தது. வந்தவர்கள் அவ்வாண்டிலேயே விரட்டப்பட்டனர். ஆனால் மாட்சுய்கரின் கணக்கும் பிழையல்ல. 1665 முதல் உள்நாட்டில் வான் கூன்ஸ் பிடித்த நிலத்தைக் காக்கச் செலவு பெருகியது. 1670 இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கன் திருப்பித் தாக்கினான்.

இரு பெரியவர்களின் வழக்கிலும் கேட்காத குரல் ஒன்றுண்டு. சோனகரை அந்நியர் எனப் பதிந்து, 'ஊழியம்' என்ற கட்டாய வேலையை ஒல்லாந்தர் அவர்கள்மீது சுமத்தியிருந்தனர். உடலால் வரி கட்டிய அம்மனிதரிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

மன்னார்க் கோட்டை 1696 இல் புதுப்பிக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டு கழித்து அதன் முடிவு ஐரோப்பாவில் எழுதப்பட்டது. 1795 தொடக்கத்தில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்தைப் பிடிக்க, இங்கிலாந்துக்கு ஓடிய அந்நாட்டுத் தலைவர், குடியேற்றங்களுக்குள் ஆங்கிலேயரை அனுமதிக்கும்படி அங்கிருந்தே கடிதம் எழுதினார். ஒல்லாந்தரிடம் கூலிக்கு நின்ற சுவிஸ் படைப்பிரிவு ஆங்கிலேயர் பக்கம் மாறியது. அவ்வாண்டு ஒக்டோபர் 5 இல் மன்னார் அவர்கள் கைக்குப் போயிற்று. சுவர்கள் அப்படியே நின்றன. அவற்றுக்குப் பின்னாலிருந்த அரசுதான் விழுந்திருந்தது.

இன்னோர் ஒக்டோபரும் எனக்கு நினைவிருக்கிறது. 1990 இல் ஆயுதம் தாங்கியோர் கட்டளையிட, தீவின் முஸ்லிம்கள் வள்ளங்களில் ஏறிக் கல்பிட்டிக் கரைக்குப் போனோம். நான் அப்போது சிறுவன். உம்மா வீட்டுத் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். கோட்டை அன்றும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆகவே பாதுகாப்புக்குச் செலவே வேண்டாம் என்று நான் மாணவனுக்குச் சொல்லவில்லை. 1672 இல் வந்த கப்பல்கள் கற்பனையல்ல. 2023 இல் நமது அரசு இராணுவத்தை 2030 அளவில் ஒரு இலட்சமாகக் குறைப்பதாக அறிவித்தபோதும் இரு கட்சியும் பேசின. எந்தக் கட்சி பேசினாலும் இரண்டு கேள்வியைக் கேள் என்றேன்: இந்தச் செலவு யார் முதுகில் விழுகிறது? ஆபத்து வரும் நாளில் அந்த ஆளுக்குக் கோட்டைக்குள் இடமுண்டா?

அவன் இரண்டையும் கொப்பியில் எழுதிக்கொண்டான்.