பேய் மாளிகையும் குடிகாரன் மகனும்

பேய்க் கதையொன்றை வரலாற்றுக் கட்டுரைக்குப் பொருளாகக் கொள்வது முறையா என வாசகர்கள் வினவக்கூடும். கதை கற்பனையாயினும் அது பிறந்த வரலாறு மெய்யானது. அதனை ஆராய்வதில் தவறில்லை எனக் கருதுகிறோம்.

1974 அக்டோபர் இறுதியில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள எஸ்டெஸ் பார்க் என்னும் மலையூருக்கு ஸ்டீபன் கிங் என்ற இளம் எழுத்தாளர் தம் மனைவியுடன் சென்றார். அங்குள்ள ஸ்டான்லி ஹோட்டல், காசநோய்க்கு நல்ல காற்றை நாடி 1903-இல் அவ்வூர் வந்த ஃப்ரீலன் ஸ்டான்லி என்ற நீராவிக் கார் உற்பத்தியாளர் எழுப்பியது, 1909-இல் திறக்கப்பட்டது. குளிர்காலத்திற்காக அது மூடப்படவிருந்த வேளை. தங்கியிருந்த விருந்தினர் அவ்விருவர் மட்டுமே. 217-ஆம் எண் அறையில் உறங்கிய கிங் கனவொன்று கண்டார்: நீண்ட தாழ்வாரத்தில் அவருடைய சிறு மகன் அலறியவாறு ஓடுகிறான், தீயணைப்புக் குழாய் அவனைத் துரத்துகிறது. திடுக்கிட்டு எழுந்தவர் சன்னலோரம் அமர்ந்து ஒரு சிகரெட்டைப் புகைத்து முடிப்பதற்குள் நூலின் கட்டமைப்பு மனத்தில் உருவாகிவிட்டதாம். அவ்வாறு பிறந்து 1977-இல் வெளிவந்ததே ‘தி ஷைனிங்’ என்னும் நாவல்.

வேலை இழந்த ஆசிரியர் ஜாக், பனியால் அடைபட்டுக் கிடக்கும் ‘ஓவர்லுக்’ ஹோட்டலுக்குக் குளிர்காலக் காவலராக மனைவி, மகனுடன் செல்கிறார். ஐந்தே வயதான மகன் டானிக்குப் பிறர் மனத்திலுள்ளதை அறியும் ஆற்றல் உண்டு. மாளிகையிலுள்ள தீய ஆவிகள் அவ்வாற்றலை விழுங்க விரும்புகின்றன. தந்தையையே தம் கருவியாக்கிக் கொள்கின்றன. கதைச் சுருக்கம் இவ்வளவே.

உள்ளதை உள்ளவாறு அறியும் இத்தகைய குழந்தையைக் கிங் எங்கிருந்து பெற்றார்? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் என்பவர் ஐந்து வகை உருவங்கள் கொண்ட 25 சீட்டுகளை வைத்து மனவழி அறிதலைச் சோதித்து, 1934-இல் நூலும் வெளியிட்டார். பிறர் செய்து பார்த்தபோது அம்முடிவுகள் நிலைபெறவில்லை. எனினும் அந்த எண்ணம் கதைகளில் நன்கு வேரூன்றிவிட்டது. ஆயினும் டானியைப் புரிந்துகொள்ள ரைனின் சீட்டுகள் நமக்குப் போதா.

புறக்குறிகளைக் கொண்டு அகத்தை உணர்தலை அரபியில் ‘ஃபிராஸத்’ என்பர். குறிசொல்லுதலாகிய ‘கஹானத்’ வேறு. ஃபிராஸத்தைக் குறித்து இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ தனி நூலே இயற்றியுள்ளார். குடிப்பவனின் பிள்ளைக்கு இக்கலையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. வாயிற்படியில் கேட்கும் காலடியோசை, கதவு சாத்தப்படும் விதம், தாய் சட்டென்று பேச்சை நிறுத்துவது ஆகியவற்றைக் கொண்டே அன்றைய இரவு எப்படிக் கழியும் என அது அறிந்துகொள்ளும். பல்லாண்டு கற்பித்தலில் கழித்த நாம் இத்தகைய பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். ஆசிரியர் வாய் திறக்குமுன் அவர் முகத்தைப் படித்துவிடுவர்; பாடம் மட்டும் மனத்தில் ஏறாது.

டானி அத்தகையவனே. அவன் மிகச் சிறுவனாயிருந்தபோது, தம் எழுத்துத்தாள்களைப் பாழாக்கினான் என்ற சினத்தில் குடிபோதையிலிருந்த தந்தை அவன் கையை முறித்தார். பின்னர் மதுவைக் கைவிட்டு ஓராண்டுக்கு மேலாகியும், குடித்த நாள்களின் பழக்கமாகத் தலைவலி மாத்திரைகளை நீரின்றி மெல்லுகிறார்; கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தவண்ணம் இருக்கிறார். பெற்றோர் மனத்தில் ‘விவாகரத்து’ என்ற சொல் மிதப்பதைச் சிறுவன் காண்கிறான். ஆவிகளைச் சந்திக்குமுன்பே அவன் அஞ்சியது இதற்குத்தான். அந்த ஹோட்டலின் மதுக்கூடத்தில் ஒரு துளி மதுவும் இல்லை. ஆவிகளே ஜாக்குக்குக் கிண்ணம் நிரப்புகின்றன! இக்காட்சியே நூலின் உயிர் என்போம்.

இறுதியில் தந்தை தம் மகனைக் கொல்ல வந்து நிற்கிறார். ஒரு கணம் தம் நிலை உணர்ந்து, அவனை நேசிப்பதைச் சொல்லி, ஓடிவிடுமாறு வேண்டுகிறார். அழுத்தம் குறைக்க மறந்த கொதிகலன் வெடித்து, மாளிகை அவரோடு அழிகிறது. ஸ்டான்லி கூப்ரிக் 1980-இல் எடுத்த புகழ்பெற்ற திரைப்படத்தில் இவ்விரண்டும் இல்லை. அங்கே தந்தை பனியில் உறைந்து மாள்கிறார். அப்படத்தின்மீது கிங் கொண்ட மனக்குறை நீங்கவில்லை. 1997-இல் தாமே திரைக்கதை எழுதித் தொலைக்காட்சித் தொடராக்கினார். அதன் படப்பிடிப்பு ஸ்டான்லி ஹோட்டலிலேயே நடந்தது.

அம்மனக்குறையின் காரணம் அவர் வாழ்விலேயே உள்ளது. அவருக்கு இரண்டு வயதானபோது வீட்டைவிட்டுச் சென்ற தந்தை திரும்பவேயில்லை. ‘தி ஷைனிங்’ எழுதிய நாளில் கிங் தாமே மதுவுக்கு அடிமை. தம்மைப் பற்றியே எழுதுகிறோம் என்பதை அறியாமலே எழுதியதாக 2000-இல் வெளியிட்ட நூலில் ஒப்புக்கொண்டார். 1980-களின் பிற்பகுதியில் மனைவியும் சுற்றத்தாரும் நேர்நின்று கண்டித்த பின்னரே அவர் மதுவை விட்டார்.

2013-இல் ‘டாக்டர் ஸ்லீப்’ என்னும் தொடர்ச்சி நாவலை வெளியிட்டார். அதில் வளர்ந்துவிட்ட டானி, காட்சிகளை மறக்க வேண்டித் தானும் குடிகாரனாகிறான். பின் குடியை விட்டோர் கூடும் சங்கமொன்றில் சேர்ந்து மீள்கிறான். இறக்கும் தறுவாயில் இருப்போரைப் பேணும் இல்லமொன்றில் இரவுப்பணி கிடைக்கிறது. அவர்களருகே அமர்ந்து அச்சம் தணிப்பதற்கு அவனுடைய பழைய ஆற்றல் அங்கே பயன்படுகிறது.