தாடி அடமானத்தில் எழுந்த கோட்டை

ராஜ்கோட்டுக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகிறது. வந்த முதல் மாசமே கிளையில் ஒருவர் "டையூ போயிட்டு வாங்க சார்" என்று கண்ணைச் சிமிட்டிச் சொன்னார். குஜராத்தில் மதுவிலக்கு. டையூ யூனியன் பிரதேசம், அங்கே அது கிடையாது. அந்தச் சிமிட்டலை வீட்டில் வந்து அப்படியே நடித்துக் காட்டியது என் தப்பு. தங்கமணி மூன்று வருஷத்துக்குத் தடை உத்தரவு போட்டுவிட்டார்.

போன டிசம்பரில்தான் தடை நீங்கியது. பெண்ணுக்கு சோமநாதர் கோயில் பார்க்க வேண்டும், அப்படியே கடல் பார்க்க வேண்டும். வாடகைக் கார் பிடித்தேன். கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய், நாள் ஒன்றுக்குக் குறைந்தது 300 கிலோமீட்டர், டிரைவர் பேட்டா தனி. நம்மூர் கணக்கேதான். அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டதற்கு வண்டிக்காரர், "பேங்க் சாஹிப்கிட்ட என்ன அட்வான்ஸ்?" என்று சிரித்தார். ஈடு இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்கக்கூடாது என்று இருபது வருஷமாகப் பழக்கப்பட்ட எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது.

வழியில் ஜூனாகட். உபர்கோட் கோட்டை மேலே ஒரு பெரிய வெண்கலப் பீரங்கி கிடக்கிறது. பெயர் நீலம். 1531இல் எகிப்தில் வார்த்தது. துருக்கிய சுல்தானின் தளபதி சுலைமான் பாஷா 1538இல் போர்ச்சுகீசியரை விரட்ட டையூவுக்குக் கொண்டு வந்தது. முற்றுகை பலிக்கவில்லை, பாஷா கப்பலேறிவிட்டார், பீரங்கி இங்கேயே தங்கிவிட்டது. நைல் நதிக்கரையில் வார்த்த இரும்பு மாதிரி கனத்த இந்த வெண்கலம் சௌராஷ்டிர மலையில் வந்து கிடக்க வேண்டும் என்றால், அந்தச் சின்னத் தீவில் என்னதான் இருந்தது?

சோமநாதபுரத்தில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் கோடினார், ஊனா வழியாகப் போனோம். தீவுக்குள் நுழைந்ததும் பெண்தான் முதலில் பார்த்தாள். "அப்பா, பனைமரம் கிளை விட்டிருக்கு!" உண்மைதான். ஹோக்கா என்கிறார்கள். நம் பனையின் ஒன்றுவிட்ட தம்பி போல, உடம்பு இரண்டு மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. தங்கமணிக்கு அது கடைசி வரை ஒப்பவில்லை.

கோட்டை மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் பாறையைக் குடைந்த அகழி. மேலே ஏறி நின்றால் கேள்விக்குப் பதில் கண்ணெதிரே தெரிகிறது. காம்பே வளைகுடாவின் வாசலுக்கு மேற்கே இருக்கிறது டையூ. குஜராத்தின் துணி எல்லாம் அரேபியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போன பாதை இது. இங்கே உட்கார்ந்தவன் சுங்கம் வாங்கலாம். அவ்வளவுதான் விஷயம். மதம், ராஜ மானம் எல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டவை என்பது இந்த பி.காம். காரனின் கட்சி.

குஜராத் சுல்தான்களுக்காக இந்தத் துறைமுகத்தை வளர்த்தவர் மாலிக் அயாஸ். அடிமையாக வந்து ஆளுநரானவர். 1509 பிப்ரவரி 3ஆம் தேதி இந்தக் கடலில்தான் எகிப்து, குஜராத், கள்ளிக்கோட்டைக் கப்பல்களை போர்ச்சுகீசிய வைஸ்ராய் அல்மேய்தா நொறுக்கினார். முந்தின வருஷம் சவுல் துறைமுகத்தில் மகனைப் பறிகொடுத்த ஆத்திரம் அவருக்கு. ஆனாலும் மாலிக் அயாஸ் உயிரோடு இருந்த வரைக்கும் டையூவில் அவர்களால் ஒரு கோட்டை கட்ட முடியவில்லை.

கோட்டை வந்தது 1535இல், அதுவும் சண்டையில் ஜெயித்து அல்ல. வடக்கே ஹுமாயூன் நெருக்க, குஜராத் சுல்தான் பகதூர் ஷா போர்ச்சுகீசியரின் உதவி தேடி இடம் கொடுத்தார். ஹுமாயூன் திரும்பிப் போனதும் கொடுத்ததை நினைத்து வருந்தினார். 1537 பிப்ரவரியில் கவர்னரின் கப்பலுக்குப் பேசப் போனவர், திரும்பும் வழியில் நடந்த கைகலப்பில் இதே கடலில் செத்துப்போனார். அடுத்த வருஷம்தான் அந்த நீலம் பீரங்கி வந்த முற்றுகை.

இனி நான் சொல்ல வந்த கதை. 1546 ஏப்ரலில் இரண்டாவது முற்றுகை. குஜராத் படை சுவர்களுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைத்தது. ஆகஸ்டில் ஒரு கொத்தளம் அப்படியே மேலே கிளம்பியபோது அதில் நின்றவர்களில் ஒருவன் ஃபெர்னாண்டோ. கோவாவில் இருந்த கவர்னர் ஜொவாவ் த காஸ்த்ரோவின் மகன். உதவிப் படையோடு தகப்பனே அனுப்பி வைத்த பையன். நவம்பரில் காஸ்த்ரோவே படையோடு வந்து முற்றுகையை முறித்தார். அன்று ஊருக்குள் புகுந்த அவருடைய ஆட்கள் பெண், பிள்ளை என்று பார்க்கவில்லை என்பதை அவர்கள் பக்கத்து ஆட்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே காஸ்த்ரோவை உத்தமர் என்று சொல்ல நான் வரவில்லை.

ஜெயித்துப் பார்த்தால் கோட்டை என்று ஒன்று இல்லை. அஸ்திவாரத்திலிருந்து கட்ட வேண்டும். படைக்குச் சம்பள பாக்கி. கஜானாவில் ஒன்றும் கிடையாது. நவம்பர் 23ஆம் தேதி கோவா நகரசபைக்குக் கடிதம் எழுதுகிறார்: 20,000 பர்தாவ் கடன் வேண்டும். (பர்தாவ் என்றால் கோவாவில் புழங்கிய காசு. விஜயநகர நாணயத்தில் இருந்த 'பிரதாப' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள்.) ஈடு? தங்கம் இல்லை, வெள்ளிப் பாத்திரம் இல்லை. மகனின் எலும்பைத் தோண்டி எடுத்து அடமானமாக அனுப்பலாம் என்று நினைத்தார். ஆனால் உடல் இன்னும் எடுக்கும் நிலையில் இல்லை. இதை எல்லாம் அந்தக் கடிதத்திலேயே எழுதுகிறார். ஆகவே தன் தாடியிலிருந்து சில மயிர்களைப் பிடுங்கி அடமானமாக அனுப்பி வைத்தார்.

நகரசபை பணம் கொடுத்தது. தாடியையும் திருப்பி அனுப்பிவிட்டது. பெண்கள் காதிலும் கையிலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்ததாகவும் 1651இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அந்த நூல் கொஞ்சம் பூசி மெழுகும் ரகம், அதனால் நகை விஷயத்தை நான் பாதியாகவே எடுத்துக்கொள்கிறேன். கடன் கேட்ட கடிதத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. இப்போது நாம் சுற்றிப் பார்க்கும் கோட்டை அன்றைக்குத் தொடங்கிய வேலைதான்.

கொத்தளத்தில் உட்கார்ந்து இதைத் தங்கமணியிடம் சொன்னேன். "உங்க கிளைக்கு ஒருத்தர் தாடியோட வந்தா கொடுப்பீங்களா?" என்று கேட்டார். அப்ரைசர் எடை போட்டு, கல் கழித்து, கிராமுக்கு இவ்வளவு என்று சீட்டு எழுதினால்தான் கொடுப்பேன். வேறு என்ன சொல்ல.

கோட்டை நின்றது. அதற்கப்புறம் வளைகுடாவுக்குள் போகிற, வருகிற கப்பல்கள் கார்தாஸ் என்ற அனுமதிச் சீட்டு வாங்கி, இங்கே சுங்கம் கட்டிவிட்டுப் போக வேண்டியிருந்தது. நூறு வருஷம் கழித்து சூரத் தலையெடுத்ததும் டையூ மங்கியது. ஆனால் இந்த ஊர் பனியாக்கள் சும்மா இருக்கவில்லை. 1686இல் அவர்களுடைய மசானேஸ் கம்பெனிக்கு மொசாம்பிக் வியாபாரத்தில் ஏகபோக உரிமையே கிடைத்தது. இங்கிருந்து துணி போகும், அங்கிருந்து தந்தம் வரும். இன்றைக்கும் டையூக்காரர்கள் மொசாம்பிக், லிஸ்பன், லெஸ்டர் என்று பரவி இருக்கிறார்கள். தெருவில் பூட்டிக் கிடந்த வீடுகளைக் காட்டி டிரைவர், "எல்லாம் லண்டன்" என்றார். லெஸ்டரும் அவருக்கு லண்டன்தான். நம் ஊரில் பூட்டிய வீடுகளைப் பார்த்து யாராவது "எல்லாம் ராஜ்கோட்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

1961 டிசம்பரில் இந்தியப் படை வந்தது. டையூ இரண்டே நாளில் முடிந்துவிட்டது. அப்போது கோவாவில் நடந்த ஒன்றை நான் இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே இருந்த வங்கி பாங்கோ நாசியோனல் உல்த்ரமரீனோ. கோவாக்காரர்கள் நகைக் கடனுக்காக அதில் வைத்திருந்த தங்கம், படை வருவதற்குச் சற்று முன்னால் லிஸ்பனுக்குக் கப்பலேறிவிட்டது. வளையல், சங்கிலி, தாலி எல்லாம் போயிற்று. வந்து சேர்ந்தது 1991இல், ஸ்டேட் பாங்க் வழியாக. முப்பது வருஷம்! வைத்தவர்களில் எத்தனை பேர் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

என் பி.காம். கடைசி வருஷ ஃபீஸுக்கு அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி கும்பகோணத்தில் ஒரு வங்கியில் இருந்தது. முதல் சம்பளத்தில் மீட்டேன். அரக்கு முத்திரை போட்ட பையைப் பிரித்து, அம்மா அதைக் கையில் வைத்து எடை பார்த்தது ஞாபகம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கே அவளுக்கு அது அவளுடைய சங்கிலிதானா என்று சந்தேகம். முப்பது வருஷம் கழித்து ஒரு மகளோ பேரனோ மக்கிய ரசீதோடு வரிசையில் நின்றிருந்தால், அந்தப் பையில் இருந்ததை எப்படி அடையாளம் கண்டிருப்பார்கள்? கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பழகியவனுக்கு அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. 1546இல் தாடியைத் திருப்பி அனுப்பிய சாம்ராஜ்யத்தின் கடைசிக் கணக்கு இது.

சாயங்காலம் சக்ரதீர்த்தக் கரையில் குக்ரி நினைவிடம் பார்த்தோம். 1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கி தாக்கி மூழ்கிய கப்பல். 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரிக் கப்பல் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே யாரும் அதிகம் பேசவில்லை.

திரும்பும்போது சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். கனத்த பை ஒன்றைப் பார்த்து போலீஸ்காரர் முகம் மலர்ந்தது. பெண் பொறுக்கி வைத்திருந்த கிளிஞ்சல். மூடிவிட்டார்.

ராஜ்கோட்டில் இறங்கிக் கணக்குப் பார்த்தோம். மீதி இருநூறு ரூபாய் வர வேண்டும். டிரைவரிடம் சில்லறை இல்லை. அடுத்த தடவை வண்டி எடுக்கும்போது கழித்துக்கொள்ளுங்கள் என்றார். சரி என்றேன். சீட்டு எதுவும் கேட்கவில்லை.