டீசல் நாசில் சுத்தம் செய்தல்: காவிரிப் படுகையில் ஒரு வரலாறு

டீசல் எஞ்சினின் சிலிண்டருக்குள் எரிபொருளை நுண்துளிகளாகப் பீய்ச்சும் கருவி இன்ஜெக்டர் எனப்படும். அதன் நுனி உறுப்பு நாசில். பேச்சுவழக்கில் கருவி முழுவதையுமே நாசில் என்று சொல்வதுண்டு. தஞ்சைப் பகுதியின் உழவர் குடும்பங்கள் பலவற்றுக்கு இக்கருவி காரின் மூலம் அறிமுகமாகவில்லை. வயலில் நின்ற ஆயில் எஞ்சின்தான் அதை முதலில் காட்டியது.

ருடால்ஃப் டீசல் 1893-இல் காப்புரிமை பெற்று, 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய எஞ்சினில் எரிபொருளை உள்ளே ஊதியது அழுத்தப்பட்ட காற்று. அதற்கெனத் தனிக் காற்றழுத்தி தேவைப்பட்டதால் எஞ்சின் பெரிதாகவே இருந்தது. ராபர்ட் போஷ் நிறுவனம் 1927-இல் எரிபொருளையே நேரடியாக அழுத்தும் சிறிய பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, லாரிக்கும் வயலுக்கும் ஏற்ற சிறிய எஞ்சின்கள் பெருகின. இந்தியாவில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் 1946-இல் புனேயில் தொடங்கப்பட்டது. நாசிலும் பம்பும் செய்த மைக்கோ நிறுவனம் 1951-இல் பெங்களூரில் அமைந்தது.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜூன் 12-இல் அணை திறப்பது மரபு. 1960-61-இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் தொகுப்புத் திட்டம் வந்தது; அதன் பின்னர் ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால நெல் பரவியது. குறுவைக்கு நாற்றங்காலை ஆற்று நீர் வருவதற்கு முன்பே தயார் செய்ய வேண்டியிருந்தது. மணற்படுகையில் இறக்கப்படும் வடிமுனைக் குழாய்க் கிணறு, அதாவது பில்டர் பாயிண்ட், அதற்கு உதவியது. மின் இணைப்பு இல்லாத இடங்களில் அதை இயக்கியது டீசல் எஞ்சின். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அணை ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை. அத்தகைய ஆண்டுகளில் நிலத்தடி நீர்தான் குறுவையைத் தாங்கியது. நாற்றங்கால் காயும் வேளையில் நாசில் அடைத்துக்கொண்டால் நகரத்து மெக்கானிக் வரும்வரை காத்திருக்க முடியாது. கழற்றிக் கழுவும் வேலை வீட்டுக்கு வந்தது இப்படித்தான்.

எஞ்சின் கரும்புகை கக்கும். தட்டும் ஓசை எழும். கைப்பிடியைச் சுற்றினாலும் எளிதில் பற்றாது. இவை நாசில் கோளாறின் அறிகுறிகள். நாசிலைக் கழற்றி, வெளியே படிந்த கரியைப் பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பார்கள். இரும்புத் தூரிகை துளையைக் கெடுத்துவிடும். உள்ளே இருக்கும் ஊசியைத் தூய டீசலில் அலச வேண்டும். துணியால் துடைத்தால் நூலிழை ஒட்டிக்கொள்ளும். ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். இரண்டையும் இணையாகவே இழைத்திருப்பதால் ஒரு நாசிலின் ஊசியை மற்றொன்றில் போடக் கூடாது. கழுவிய ஊசியை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து, கூட்டைச் சாய்த்துப் பிடித்து விட்டால், அது தன் எடையாலேயே வழுக்கி உள்ளே இறங்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இடம்பெறத் தகுந்த அழகான சோதனை இது!

அடுத்து, நாசிலை எஞ்சினுக்கு வெளியே அதன் குழாயில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றிப் பார்ப்பார்கள். ‘கிர்ர்’ என்ற ஓசையுடன் புகைபோலப் பீய்ச்சினால் நல்லது, சொட்டினால் ஆகாது. பீய்ச்சலுக்கு நேரே கையை நீட்டக் கூடாது என்ற எச்சரிக்கையும் உடன் உண்டு. இவ்வகை நாசில்கள் திறக்கும் அழுத்தம் ஏறத்தாழ 200 பார். கார் டயரின் காற்று 2 பார் அளவே என்பதோடு இதை ஒப்பிடலாம்.

அம்பாசிடர் டீசல், 1998-இல் வந்த டாட்டா இண்டிகா டீசல் ஆகியவற்றிலும் இருந்தது இயந்திர முறை பம்புதான். எனவே பழைய கைப்பழக்கம் காருக்கும் பொருந்தியது. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் சற்றுத் தளர்த்திப் பார்ப்பது அதில் ஒன்று. தளர்த்தியும் ஓட்டம் மாறவில்லை என்றால் கோளாறு அங்கேதான்.

இந்தப் பழக்கம்தான் இன்று ஆபத்தாகியுள்ளது. 1997-இல் ஆல்பா ரோமியோ 156 காரில் வந்த காமன் ரெயில் முறை, ஹூண்டாய் ஆக்சென்ட், 2007-இல் வந்த மாருதி ஸ்விப்ட் டீசல் போன்றவை வழியே இந்தியாவில் பரவியது. இம்முறையில் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசல் எப்போதும் அழுத்தத்துடன் நிற்கும். அந்த அழுத்தம் 1,600 பார் அளவுக்கு உயர்ந்தது. பின் வந்த சில வகைகளில் 2,000-ஐயும் தாண்டியது. ஓடும் எஞ்சினில் இங்கே நட்டைத் தளர்த்தினால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தாரை தோலைத் துளைத்து உள்ளே செல்லும். டீசல் எஞ்சினால் நேரும் இத்தகைய காயம் 1937-லேயே அமெரிக்க மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. வெளியே முள் குத்தியது போன்ற ஒரு புள்ளி மட்டுமே தெரியும். முதலில் வலியும் குறைவு. உள்ளே டீசல் தசைநார் உறைகளின் வழியே பரவித் திசுவை அழிக்கும். கழுவிக் கட்டுப்போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். உடனே அறுவை மருத்துவரிடம் சென்று, உள்ளே சென்றது டீசல் என்று சொல்ல வேண்டும்.

ஆபத்து ஒருபுறம் இருக்க, காமன் ரெயில் இன்ஜெக்டரை வீட்டில் பிரித்துப் பயனும் இல்லை. அதன் துளை தலைமுடியின் பருமனை ஒட்டியது. திறந்து மூடுவது மின்காந்தம் அல்லது பீசோ படிகம். பல கார்களில் ஒவ்வோர் இன்ஜெக்டரின் மீதும் பொறித்த குறியீட்டு எண்ணை எஞ்சினின் கணினியில் பதிவு செய்ய வேண்டும். இடம் மாற்றினால் எண்ணையும் மாற்ற வேண்டும். தொட்டியில் ஊற்றும் சுத்திகரிப்புத் திரவம் லேசான படிவைக் கரைக்கலாம். தேய்ந்த ஊசியைச் சரிசெய்யாது. விளம்பரங்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

வீட்டில் செய்யக் கூடியதாக மிஞ்சுவது பில்டர் பராமரிப்பு. டீசலில் கலந்த நீர் அடியில் தங்கும் என்பதால், பல கார்களின் பில்டரில் அடித்திருகு ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்தி, கையேட்டில் சொன்னபடி அதைத் திறந்து நீரை வடிக்கலாம். பில்டரை உரிய கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். அதற்கு மேற்பட்ட வேலைக்குச் சோதனை மேசை உள்ள டீசல் பம்பு ஒர்க்‌ஷாப்புதான் இடம்.