நடுநிலைப் பள்ளி (தமிழ்நாடு அரசு)

தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை வகுப்புகள் நடக்கும் பள்ளி நடுநிலைப் பள்ளி எனப்படும். ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலத்துறை என்று பெயர்ப்பலகைகள் வேறுபட்டாலும், அரசுப் பொறுப்பில் இயங்குபவை ஏறத்தாழ 7,000. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளால் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் பேர் கிடைக்கிறது. நடுநிலைப் பள்ளிக்கு அப்படியொரு நாள் இல்லை. அதன் தரத்தை அளக்க வேண்டுமானால், அங்கே யார் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்தக் கணக்கெடுப்புக்கு இருநூறாண்டு வயது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்டக் கலெக்டர்களிடம் நாட்டுப் பள்ளிகளின் விவரம் கேட்டார். 1826இல் தொகுக்கப்பட்ட கணக்கின்படி, தெலுங்கு, கன்னடப் பகுதிகளும் அடங்கிய மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. 1,88,650 பேர் படித்தார்கள். ஆண்கள் 1,84,110, பெண்கள் 4,540. பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முஸ்லிம்கள் என்று பத்தி பிரித்து எழுதப்பட்ட இப்பட்டியல்களை 1983இல் தரம்பால் நூலாக வெளியிட்டபின், பழைய கல்வி எத்தனை பேரை எட்டியது என்ற வாதம் மீண்டும் சூடுபிடித்தது. படித்தவர்களில் நாற்பதில் ஒருவர்தான் பெண் என்பதை அந்த வாதத்தில் ஒதுக்கிவிட்டுப் பேசுவது நியாயமல்ல.

1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் பள்ளி நடத்தும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் சேர்த்தது. அதே ஆண்டு நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர முடிவெடுத்தது. வயிற்றுக்கும் வருகைப் பதிவேட்டுக்கும் உள்ள தொடர்பை இங்குள்ள ஆட்சியாளர்கள் அன்றே அறிந்திருந்தார்கள்.

எட்டாம் வகுப்பு வரை கொண்ட பள்ளிகளுக்கு அக்காலத்தில் உயர்தரத் தொடக்கப் பள்ளி, ஹயர் எலிமென்டரி என்று பெயர். எட்டாம் வகுப்பு முடிவில் இ.எஸ்.எல்.சி. என்ற பொதுத்தேர்வு இருந்தது. அதில் தேறிப் பயிற்சியும் முடித்தவர் 'ஹயர் கிரேடு' ஆசிரியராகலாம். கிராமத்துக் குடும்பங்கள் பலவற்றில் முதல் அரசு ஊதியம் இந்த வழியாகத்தான் வந்தது. பள்ளிகளில் அத்தேர்வு நின்ற பின்னும் தனித்தேர்வர்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்வு தொடர்ந்தது. சரக்கு வாகனம், பேருந்து ஓட்டும் உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என்ற விதியை நடுவண் அரசு 2019இல்தான் கைவிட்டது. அதுவரை அச்சான்றிதழ் ஓட்டுநராக விரும்பிய இளைஞனுக்குப் பிழைப்பின் சாவி.

காமராசர் ஆட்சியில் பள்ளிகள் ஊர் ஊராகப் பெருகின. 1956இல் மதிய உணவு வந்தது. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981இல் அரசு ஊழியர்களானார்கள். எம்.ஜி.ஆர். 1982 சூலை 1 அன்று தொடங்கிய சத்துணவு, 1984இல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் விரிந்தபோது நடுநிலை வகுப்புகள் முழுமையாக அதற்குள் வந்தன.

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் தொடங்கியது. மெட்ரிகுலேஷன் பள்ளிகள் சிற்றூர்களின் விளிம்பு வரை வந்தன. வேன் வாசலுக்கே வந்து நின்றது. கட்டணம் கட்ட முடிந்தவர்கள் பிள்ளைகளை அங்கே மாற்றினார்கள். விவசாயக் கூலி, கட்டட வேலை, பனியன் கம்பெனி என்று உழைப்பவர்களின் பிள்ளைகளும், பட்டியல் சாதி, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளும், குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் புத்தகம் எடுத்தவர்களும் அரசு நடுநிலைப் பள்ளியில் பெரும்பான்மையானார்கள். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளையின் மதிப்பெண்ணையும், டியூஷன் படிக்கும் பிள்ளையின் மதிப்பெண்ணையும் ஒரே தராசில் வைத்து 'அரசுப் பள்ளி மோசம்' என்று தீர்ப்பெழுதும் வழக்கம் இந்தப் பிரிவினையை மறைத்துவிடுகிறது. 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கியது. ஏழைகளிலும் விவரமறிந்த பெற்றோர் சிலர் அவ்வழியே போனார்கள்.

கற்பித்தல் முறையும் இதற்குள் பலமுறை மாறியது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலமெங்கும் கீழ்வகுப்புகளுக்குப் பரவியது. மேல்வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி முறை வந்தது. 2012-13இல் முப்பருவ முறை. எட்டு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்பது 2019இல் திருத்தப்படும் வரை கல்வி உரிமைச் சட்டத்தின் விதியாக இருந்தது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் வந்த அறிவிப்பைப் பெற்றோரும் ஆசிரியர்களும் எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரியில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. நடுவண் அரசு 2024 திசம்பரில் தன் பள்ளிகளில் கட்டாயத் தேர்ச்சியை நிறுத்தியபோதும் தமிழ்நாடு அதைத் தொடர்வதாக அறிவித்தது. இது சரியான முடிவு. எட்டாம் வகுப்பில் தோற்றவர்களில் பலர் அடுத்த சூனில் பள்ளிக்குத் திரும்பாமல் வேலைக்குப் போனதைப் பழைய ஆசிரியர்கள் அறிவார்கள்.

பொதுத்தேர்வு இல்லாத இடத்தை இன்று என்.எம்.எம்.எஸ். என்ற கல்வி உதவித்தொகைத் தேர்வு ஓரளவு நிரப்புகிறது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான இத்தேர்வில் மனத்திறனுக்கு 90, பாட அறிவுக்கு 90 கேள்விகள். தமிழ்நாட்டின் ஒதுக்கீடு 6,695 இடங்கள். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். மாலையில் தனி வகுப்பெடுத்துப் பிள்ளைகளைத் தேறவைக்கும் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் உண்டு. தேர்வானவர்களின் பெயர்களைப் பள்ளி வாசலில் பேனராகக் கட்டுகிறார்கள். அந்தப் பெருமிதத்துக்கு அவர்கள் முழுத் தகுதியுடையவர்கள்.

6ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் கிடைத்தது. அவ்வாறே படித்து உயர்கல்வி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்தது. எந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்தோம் என்பது இவற்றால் எடை கூடிய கேள்வியானது. கொரோனா காலத்தில் வருமானம் இழந்த குடும்பங்கள் தனியார் பள்ளிகளிலிருந்து திரும்பின. 1 முதல் 8 வரை உள்ள பிள்ளைகளின் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்குத் தொடங்கி, மறு ஆண்டு மாநிலம் முழுதும் பரவியது. அது 1 முதல் 5 வரை உள்ள வகுப்புகளுக்கு மட்டுமே. நடுநிலைப் பள்ளியில் தம்பி பொங்கலோ உப்புமாவோ சாப்பிடும்போது, அதே வளாகத்தில் ஆறாம் வகுப்பில் படிக்கும் அக்காவுக்கு அத்திட்டத்தில் இடமில்லை.